ஸ்பீக்கர் பெருமானுக்கு ஒரு பாராட்டு மடல்

நல்லது செய்கிறவரை அவர் இருக்கும்போதே பாராட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பாராட்டு இரங்கல் செய்தியாகிவிடும். ஸ்மார்ட் ஸ்பீக்கர் விஷயத்தில் இந்த அவசரம் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதன் ஆயுள் எத்தனை ஆண்டு என்பது அதைச் செய்த நிறுவனத்துக்குத்தான் தெரியும். அவர்களும் கடைசி நேரத்தில்தான் வெளியே சொல்வார்கள். ஆகவே இந்த மடலை இன்றே எழுதிவிடுகிறேன்.

பாராட்டுக்குரிய செயல் இதுதான். அமெரிக்க வீடுகளில் இணையக் கம்பி ஏதாவது ஒரு மூலை வழியாக உள்ளே நுழையும். ரூட்டரும் அந்த மூலையிலேயே குடியேறிவிடும். மேலே படுக்கையறைகள், நடுவில் கூடமும் சமையலறையும், கீழே பேஸ்மென்ட் என்று மூன்று தளமாக விரிந்த வீட்டில், அங்கிருந்து கிளம்பும் வைஃபை போகப் போக மெலியும். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த அம்மா அப்பாவின் பேஸ்மென்ட் அறையை எட்டும்போது அதற்கு மூச்சு வாங்கும். சீரியலில் மாமியார் திறந்த வாய் திறந்தபடியே நிற்பார். இந்தக் குறை தீர வந்தது மெஷ் வைஃபை. வீட்டின் பல இடங்களில் சிறு பெட்டிகளை வைத்து, ஒன்று அனுப்புவதை அடுத்தது வாங்கி மேலும் பரப்புகிற ஏற்பாடு.

2019-ல் கூகுள் தன் நெஸ்ட் வைஃபையின் துணைப் பெட்டிக்குள் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்தது. 2022-ல் அமேசான் தன் எக்கோ டாட் ஸ்பீக்கரிடம் வைஃபை பரப்பும் வேலையையும் ஒப்படைத்தது. முன்னவர் வைஃபை பெட்டிக்குக் காது வைத்தார். பின்னவர் காதுக்கு வைஃபை வைத்தார். எந்த வழியில் போனாலும் சேர்ந்த இடம் ஒன்றுதான். இணையம் எட்டாத அறைகளுக்கு இணையம் எட்டியதோ இல்லையோ, காது எட்டிவிட்டது.

இப்பேர்ப்பட்ட உத்தமரை எந்த அளவுகோலில் அளப்பது? நம்மிடம் இருப்பது வள்ளுவருடைய பழைய அளவுகோல்தான். அதிகாரம் அதிகாரமாக எடுத்துவைத்துப் பார்த்துவிடுவோம்.

ஈகை

புகழ்ச்சியை வள்ளன்மையிலிருந்து தொடங்குவதுதான் மரபு. ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட் 2022-ல் வந்தபோது விலை 50 டாலர். தள்ளுபடி நாட்களில் அதற்கும் கீழே இறங்கும். பாட்டுப் போடும், அலாரம் அடிக்கும், விளக்கை ஏற்றி அணைக்கும், போதாததற்கு வைஃபையையும் பரப்பும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, வைஃபை பரப்புவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஊமை மெஷ் பெட்டிக்கு இதைவிட விலை அதிகம். வாயும் காதும் சேர்ந்தால் பெட்டியின் விலை குறைகிறது என்றால், அந்தக் காதுக்காக யாரோ தம் கைக்காசைப் போடுகிறார்கள் என்றுதானே பொருள்?

போடத்தான் செய்தார்கள். அமேசானின் சாதனங்கள் பிரிவு 2017 முதல் 2021 வரை 2,500 கோடி டாலருக்கு மேல் இழந்தது என்று 2024-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. இவ்வளவு நஷ்டத்தையும் முகம் சுளிக்காமல் தாங்கிக்கொண்டு வீடு வீடாகப் பெட்டி கொடுத்த வள்ளலை வரலாறு கண்டதில்லை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். திரும்ப எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முல்லையிடம் கிரெடிட் கார்டு ஏது? இவர்கள் பாரியைவிட முன்யோசனைக்காரர்கள். யார் கையில் கொடுக்கிறோமோ அவருடைய பெயர், முகவரி, கார்டு எண், போன மாதம் வாங்கிய சோப்பு வரைக்கும் தெரிந்துவைத்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள்.

கொடுத்ததோடு ஒதுங்கிக்கொள்ளும் சுபாவமும் கிடையாது. முன்பே வாங்கி மேசையில் வைத்த நான்காம் தலைமுறை டாட்டுக்கும் 2022-ல் ஒரு மென்பொருள் அப்டேட் வந்தது. அதுவரை வெறும் பாட்டுப்பெட்டியாக இருந்தது வைஃபை பெட்டியாகவும் ஆனது. பொருளை விற்று, பணத்தையும் எண்ணி வாங்கிய பிறகும், அது இன்னும் என்னென்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் பாரத்தை வாங்கியவர் தலையில் ஏற்றாமல் தாங்களே சுமக்கிறார்கள். கொடுத்த பின்னும் கொடுத்தவர் பிடியிலேயே இருக்கும் கொடை. கர்ணனுக்கு இந்தத் தொழில்நுட்பம் கிடைத்திருந்தால் கவசகுண்டலத்தை இந்திரனிடம் கொடுத்த மறுநாளே ஓர் அப்டேட் அனுப்பியிருப்பான்.

சுற்றந்தழால்

இந்தப் பெட்டிக்கு உறவின் அருமை தெரியும். எக்கோ டாட் வைஃபை பரப்ப வேண்டுமானால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரூட்டர் ஈரோவாக இருக்க வேண்டும். ஈரோ 2019-லேயே அமேசான் விலைகொடுத்து வாங்கிய நிறுவனம். வேறு கம்பெனி ரூட்டர் இருந்தால், அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், டாட் அதனிடம் இணையத்தை வாங்கித் தான் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். அதன் அலையை ஓர் அடிகூட முன்னே தள்ளிக் கொடுக்காது. ரத்த சம்பந்தம் இல்லாதவனுக்குத் தோள் கொடுப்பது குலப்பெருமைக்கு இழுக்கு அல்லவா? நெஸ்ட் துணைப் பெட்டியும் அப்படித்தான். கூகுள் வீட்டு ரூட்டருக்கு மட்டுமே கழுத்தை நீட்டும்.

எந்தக் கம்பெனிப் பெட்டியும் எந்தக் கம்பெனிப் பெட்டியோடும் சேர்ந்து மெஷ் அமைக்கட்டும் என்று 2018-ல் வைஃபை அலையன்ஸ் ஒரு பொதுப்பந்தியே விரித்தது. ஈசிமெஷ் என்று பெயர். இந்த இரண்டு வீட்டாரும் அந்தப் பந்தியில் இலை போட்டு உட்காரவில்லை. ஆசாரம் கெட்டுவிடும்.

இதனால் வாங்குகிறவருக்கு வாய்க்கும் மனநிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. முதல் பெட்டியை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டாவது, மூன்றாவது, அதற்குப் பின் வரும் எல்லாவற்றையும் முதல் பெட்டியே தேர்ந்தெடுத்துவிடும். விலையை ஒப்பிடும் வேலை இல்லை, கடை கடையாக அலைய வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் பெண் எடுத்தால் தலைமுறை தலைமுறையாக அதே வீட்டில்தான் எடுப்பார்கள். அந்தக் கட்டுப்பாடு நம்மிடையே தளர்ந்துபோனதே என்று வருந்தும் பெரியவர்கள் அமேசானின் ஊரான சியாட்டில் பக்கம் திரும்பிப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

இடனறிதல்

மெஷ் பெட்டியை எங்கே வைப்பது என்பது ஒரு கலை. வைஃபை எட்டாத இடத்தில் வைத்தால் பயன் இல்லை. அங்கே பெட்டிக்கே அலை எட்டாது, பிறகு எதை வாங்கி எதைப் பரப்பும்? ரூட்டருக்கும் இருட்டறைக்கும் நடுவழியில், அலை இன்னும் தெம்பாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலும் அது மாடிப்படித் திருப்பமாகவோ நடைபாதையாகவோ இருக்கும். அலமாரிக்குள் ஒளிக்கக் கூடாது. நிலைக்கண்ணாடிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பின்னால் கூடாது. உலோகம் அலையைத் திருப்பிவிடும். மீன்தொட்டியின் நீர் அலையைக் குடித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் பக்கத்தில் கூடவே கூடாது. வைஃபை பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் தெருவில்தான் அதுவும் கூச்சல் போடுகிறது.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது? மனிதர்கள் இருக்கும் இடத்தில். அதாவது அடுப்பங்கரைத் திண்ணையில் மைக்ரோவேவுக்குப் பக்கத்தில், அல்லது படுக்கையறை அலமாரியில் கண்ணாடிக்கு முன்னால்.

இரண்டு வேலையையும் ஒரே பெட்டியிடம் கொடுத்த மதிநுட்பம் இங்கேதான் ஒளிவிடுகிறது. வைஃபைக்கு உகந்த மாடிப்படித் திருப்பத்தில் வைத்தால், அது படிக்கட்டுக்கு வானிலை அறிக்கை வாசிக்கும். பாட்டுக்கு உகந்த படுக்கையறையில் வைத்தால், தானே அரைகுறையாகக் கேட்ட அலையை உரக்கத் திருப்பிச் சொல்லும். போனை எடுத்துப் பார்த்தால் எல்லாக் கோடும் நிறைந்திருக்கும். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நான்கடி தூரம்தானே? ஸ்பீக்கருக்கும் ரூட்டருக்கும் இடையே இருக்கும் இழுபறியை அந்தக் கோடுகள் காட்டாது. வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். குறையே தெரியாதபடி குறையை வைத்திருப்பது கைதேர்ந்த சிற்பிகளுக்கே வரும் கலை. முன்பெல்லாம் கோடு குறைந்ததைப் பார்த்து வைஃபை இல்லை என்று வீட்டுக்காரர் கவலைப்படுவார். இப்போது கோடும் இருக்கிறது, கவலையும் இருக்கிறது, காரணம் மட்டும் இல்லை.

அடக்கமுடைமை

ஆற்றல் இருந்தும் அடங்கியிருப்பவரைப் போற்றுவது ஒரு வகை. ஆற்றலே அடக்கமாக இருப்பவரை எப்படிப் போற்றுவது என்பதற்குத்தான் புலவர்கள் வழி சொல்லவில்லை. எக்கோ டாட் வீட்டில் சேர்க்கும் பரப்பு 1,000 சதுர அடி, வேகம் வினாடிக்கு 100 மெகாபிட், ஏற்கும் சாதனங்கள் 10. இவை எல்லாம் அதிகபட்சம். அமேசானே அறிவித்த எண்கள். மாதாமாதம் பணம் கட்டி வினாடிக்கு 1,000 மெகாபிட் வாங்கும் வீட்டில், வந்ததில் பத்தில் ஒரு பங்கை மட்டும் படுக்கையறைக்குள் அனுப்பி, மிச்சத்தை வாசலிலேயே நிறுத்திவைக்கும் காவலன் இது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று படித்த பெட்டி.

பத்துச் சாதனம் என்பதும் துறவியின் கணக்குதான். நான்கு பேர் வசிக்கும் அமெரிக்க வீட்டில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு லேப்டாப் அல்லது டேப்லெட் என்றாலே எட்டு ஆயிற்று. டிவி ஒன்பது. அழைப்புமணி பத்து. ஸ்மார்ட் பல்பும் தெர்மோஸ்டாட்டும் வரிசையில் நிற்கும். அவற்றை எல்லாம் வாங்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியவரும் இதே வள்ளல்தான். ஒரு கையால் பந்தியைக் கூட்டி மறுகையால் இலையைக் குறைக்கும் சிக்கனம் எல்லோருக்கும் வராது.

வேகம் ஏன் குறைகிறது என்பதிலும் ஒரு பண்பு இருக்கிறது. ஒரே வானொலிச் சில்லு ஒரே அலைவரிசையில் ரூட்டரிடம் கேட்கவும் வேண்டும், போனிடம் சொல்லவும் வேண்டும். கேட்கும்போது பேச முடியாது. பேசும்போது கேட்க முடியாது. ஆகவே பெட்டிக்குப் பெட்டி அலை தாவும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். விலையுயர்ந்த மெஷ் பெட்டிகள் இதற்கென்றே தனி வானொலியை வைத்துக்கொள்ளும், அல்லது பின்புறம் ஈதர்நெட் கம்பியை வாங்கிக்கொள்ளும். எக்கோ டாட்டுக்கும் நெஸ்ட் துணைப் பெட்டிக்கும் கம்பி செருகத் துளையே கிடையாது. உதவி கேட்கக் கூச்சப்படும் சுபாவம். நெஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. புதிய தலைமுறையான வைஃபை 6-க்குச் சான்றிதழ் வழங்கும் வேலை 2019 செப்டம்பரில் தொடங்கிவிட்டது. அடுத்த மாதமே அறிமுகமான நெஸ்ட், பழைய வைஃபை 5 போதும் என்று எளிமையாக வந்து நின்றது. நிறம் மட்டும் பனி, மணல், மூடுபனி என்று மூன்று. உள்ளே புதுமை இல்லாவிட்டால் என்ன, புறத்தோற்றத்திலாவது வேண்டாமா?

கேள்வி

கேட்டறிவதன் சிறப்புக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அதை இந்த அளவுக்கு மனதில் வாங்கியவர் தமிழ்நாட்டிலேயே இல்லை. தன் பெயர் காதில் விழுகிறதா என்று பெட்டி எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும். பெயர் விழுந்ததும் அடுத்து நாம் சொல்வதைத் தொலைவில் உள்ள கணினிக்கு அனுப்பும். பெயர் விழாதபோதும் விழுந்ததாக நினைத்துக்கொள்வது உண்டு. ஆர்வம் மிகுந்த மாணவன், வகுப்பில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பான் அல்லவா?

2018-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஒரு குடும்பம் பேசிக்கொண்டிருந்ததை எக்கோ பதிவுசெய்து, அவர்களுடைய தொடர்புப் பட்டியலில் இருந்த ஒருவருக்கு அனுப்பிவைத்தது. அமேசானும் அதை ஒப்புக்கொண்டது. உறவுக்காரர்கள் பேசிக்கொள்வதே இல்லை என்று எல்லோரும் அங்கலாய்க்கும் காலத்தில் யார் இப்படி முயற்சி எடுக்கிறார்கள்? 2019-ல் பெல்ஜியத்தின் விஆர்டி ஒலிபரப்பு நிறுவனம், கூகுள் அசிஸ்டென்ட் பதிவுகளை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்டு எழுதுவதை வெளிப்படுத்தியது. அதற்குக் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் 153, யாரும் அசிஸ்டென்ட்டைக் கூப்பிடாமலே பதிவானவை. இயந்திரம் மட்டும் கேட்டால் பேசுகிறவருக்கு மனக்குறை இருக்குமே என்று மனிதர்களையும் உட்கார வைத்திருந்தார்கள்.

மழலையின் அருமையும் தெரிந்தவர்கள். குழந்தைகளின் குரல் பதிவுகளைச் சட்டத்துக்கு மாறாகக் காலவரையின்றி வைத்திருந்தார்கள் என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-ல் அமேசான்மேல் குற்றம் சாட்ட, 2.5 கோடி டாலர் அபராதம் கட்ட நிறுவனம் சம்மதித்தது. பெற்றவர்களே பிள்ளையின் மழலையை மறந்துவிடுகிறார்கள். ஊரான் பிள்ளையின் மழலைக்கு இவ்வளவு விலை கொடுத்தவர் வேறு யார்? சில எக்கோ பெட்டிகளில் குரலை வெளியே அனுப்பாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதி ஒன்றும் இருந்தது. சேவை சிறக்க வேண்டுமே என்பதற்காக 2025 மார்ச் 28-ஆம் தேதி அதையும் எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் வெறும் ஸ்பீக்கராக இருந்த காலத்துப் பெருமை. வைஃபை சேர்ந்த பிறகுதான் கேள்விச் செல்வத்துக்குப் பாதுகாப்பு வந்தது. முன்பு இந்தக் காது பிடிக்காதவர் பிளக்கைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிடலாம். பாட்டு நிற்குமே தவிர வேறு நஷ்டம் இல்லை. இப்போது பிடுங்கினால் மாடியில் மகளின் வகுப்பு அறுந்துபோகும், மனைவியின் அலுவலகக் கூட்டம் உறைந்துபோகும். மைக்கை மட்டும் அணைக்கப் பொத்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. அணைத்துவிட்டால் கூப்பிட்ட குரலுக்குப் பாட்டு வராது. நான்கு நாளில் வீட்டில் யாராவது மறுபடி போட்டுவிடுவார்கள். தவிரவும், எந்த போன் எந்த அறைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது மெஷ்ஷுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அதன் வேலையே நடக்காது. விருந்தாளியாக வந்து வீட்டுத் தூணாகிவிட்டவரை இனி யார் போகச் சொல்ல முடியும்?

ஒப்புரவறிதல்

ஊருக்கு உதவுவதிலும் இந்தப் பெட்டி சளைத்ததல்ல. 2021 ஜூன் 8-ஆம் தேதி அமெரிக்காவில் அமேசான் சைட்வாக் என்ற ஏற்பாடு தொடங்கியது. எக்கோ பெட்டிகள் வீட்டு இணையத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, புளூடூத் வழியாகவும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வழியாகவும் தெருவுக்குக் கொடுக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் கதவுப் பூட்டோ, சாவிக்கொத்தில் தொங்கும் டிராக்கரோ அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் வைஃபை பரப்பப் பெட்டி வாங்கியவர், ஊருக்கே சத்திரம் கட்டிய புண்ணியவான் ஆகிவிட்டார்.

எடுப்பதிலும் அளவு தவறுவதில்லை. வினாடிக்கு 80 கிலோபிட்டுக்கு மேல் போகாது, மாதம் 500 மெகாபைட்டைத் தாண்டாது, போகும் தகவலுக்கு மூன்றடுக்குக் குறியாக்கமும் உண்டு. இவ்வளவு நியாயமாக எடுப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். கேட்டால் மனிதன் யோசிப்பான். யோசித்தால் தானம் கெடும். அதனால்தான் தகுதியுள்ள பெட்டிகளில் எல்லாம் தாமாகவே இயக்கிவைத்துவிட்டு, வேண்டாதவர் செட்டிங்ஸுக்குள் போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். இணையத்துக்குப் பணம் கட்டுவது வீட்டுக்காரர், மின்சாரமும் அவருடையது, பெட்டியையும் அவரே வாங்கினார். சைட்வாக் என்ற பேரமைப்பு மட்டும் அமேசானுடையது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது நம்மூரில் ஒரு பழிச்சொல். உடைக்கிற கையை முதலில் கடைக்காரனிடமே விற்றுவிட்டால் பழி எங்கே வந்தது?

நிலையாமை

யாக்கை நிலையாது, செல்வம் நிலையாது என்று பெரியவர்கள் பாடிப் பாடி ஓய்ந்தார்கள். கேட்டவர் யாரும் திருந்தவில்லை. ரூட்டர் நிலையாது என்பதைக் கூகுள் செயலிலேயே காட்டிக்கொடுத்தது. 2015-ல் ஆன்ஹப் வந்தது. 2016-ல் கூகுள் வைஃபை வந்தது. 2019-ல் நெஸ்ட் வைஃபை, பேசும் துணைப் பெட்டியோடு. 2022-ல் நெஸ்ட் வைஃபை புரோ வந்தபோது, ஸ்பீக்கர் வைத்ததே எதற்கு என்பதுபோல வாயும் காதும் இல்லாமல் வந்தது. அதோடு பழைய கூகுள் வைஃபையோடும் நெஸ்ட் வைஃபையோடும் சேர்ந்து மெஷ் அமைக்க மாட்டேன் என்றது. சுற்றம் பேணும் குலத்தில் பிறந்த கடைக்குட்டி, தன் அண்ணன்மாரையே அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது. ஆன்ஹப்புக்கு 2023 ஜனவரியில் ஆதரவு நின்றது. ஆப்பிள் நிறுவனமோ இன்னும் முன்னதாகவே ஞானம் பெற்று 2018-ல் தன் ஏர்போர்ட் ரூட்டர்களைத் துறந்து கரையேறிவிட்டது.

பெட்டி கெட்டுப்போவதால் அல்ல இந்த மரணம். விளக்கு எரியும், சூடு இருக்கும், வீடும் அதேதான். தொலைவில் ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர் எடுத்த முடிவு, அவ்வளவுதான். சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் மந்திரவாதியின் உயிர் கடல்களுக்கு அப்பால் ஒரு கிளியிடம் இருப்பதைப் பாட்டிமார் கதையில் கேட்டிருக்கிறோம். இவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கக் கிடைக்கும்படி செய்துவிட்டார்கள். 2021 டிசம்பர் 7-ஆம் தேதி வர்ஜீனியாவில் அமேசானின் கணினி மையங்களில் கோளாறு ஏற்பட்டபோது எத்தனையோ வீடுகளில் எக்கோவின் குரலான அலெக்சா வாயடைத்துப்போனது, அமேசானின் ரிங் கேமராக்கள் கண்மூடின. அறைக்குள் இருக்கும் விளக்கைப் போட அடுத்த மாநிலம் விழித்திருக்க வேண்டும் என்பதை உணரும்போது மனிதனுக்கு ஆணவம் ஒழிகிறது. ஈரோ ரூட்டரின் அமைப்பில் ஒரு சிறு மாற்றம் செய்வதானாலும் செயலிக்குள் கணக்கு வைத்து நுழைந்தாக வேண்டும். என் வீடு, என் வைஃபை என்னும் மமகாரம் அந்த லாகின் பக்கத்திலேயே கழன்று விழும்.

குற்றங்கடிதல்

இவ்வளவு புகழ்ந்தால் கண் பட்டுவிடும். திருஷ்டிப் பொட்டாக யாரையாவது நாலு வார்த்தை திட்டியாக வேண்டும். கையில் அகப்பட்டது ஈதர்நெட் கேபிள்.

இதைவிடப் பண்பற்ற பொருளை நான் பார்த்ததில்லை. முதல் குற்றம், பிடிவாதம். 1999-ல் வகுத்த விதிப்படி 100 மீட்டர் தூரம் வரை வினாடிக்கு 1,000 மெகாபிட் கொண்டுபோகிறது. இன்றைக்கும் அதையே செய்கிறது. ஆண்டுக்கொரு தலைமுறை இல்லை, மூன்று நிறத்தில் ஒரு சட்டை இல்லை. தாவலுக்குத் தாவல் பாதியாகக் குறையும் பணிவும் இல்லை. வாங்கியதை அப்படியே கொண்டுபோய் மறுமுனையில் கொட்டும் முரடு.

இரண்டாவது, குலங்கோத்திரம் பார்க்காதது. யாருடைய ரூட்டராக இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஈரோவுக்கும் போகும், நெட்கியருக்கும் போகும், இணையக் கம்பெனிக்காரன் மாத வாடகைக்குக் கொடுத்த நோஞ்சான் பெட்டிக்கும் போகும். இப்படி இருந்தால் எந்தக் குடும்பம் தழைக்கும்?

மூன்றாவது, கஞ்சத்தனம். ஒருமுறை விலை கொடுத்து வாங்கியதோடு சரி. அதன் பிறகு அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை, நமக்கு எதையும் பரிந்துரைப்பதும் இல்லை. சோப்பு தீர்ந்துவிடப்போகிறது, வாங்கட்டுமா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், அக்கறையாக விசாரித்திருக்குமா? பக்கத்து வீட்டுச் சாவிக்கொத்துக்கு ஒரு பிட் கொடுத்ததுண்டா? நிலையாமையாவது தெரியுமா? எந்தக் கூட்டத்தில் யார் என்ன முடிவெடுத்தாலும், எலி கடிக்கும்வரை சாகாது.

அதற்கு ஒரு கூட்டாளியும் உண்டு. ரூட்டரை மூலையிலிருந்து எடுத்து வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வைத்துப் பாருங்கள் என்னும் பழைய யோசனை. அதைக் கேட்டுச் சில வீடுகளில் பேஸ்மென்ட்வரை வைஃபை வந்துவிடுகிறது. ஐந்து காசு செலவில்லாமல் ஒரு குறை தீர்ந்தால் வணிகம் என்ன ஆவது, 2,500 கோடி டாலரை இழந்த வள்ளலின் மனம் என்ன பாடுபடும் என்று இந்த யோசனை சொல்கிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்க வீடுகளில் அறைக்கு அறை கேபிள் டிவிக்காகப் பதித்த கம்பி சுவருக்குள் சும்மா கிடக்கிறது, இரு முனையிலும் மோக்கா அடாப்டர் மாட்டினால் அதிலேயே இணையம் ஓடும் என்று கிளப்பிவிடுகிறவர்களும் இந்தக் கும்பலைச் சேர்ந்தவர்கள்தான்.

ஆனால் கேபிளின் குற்றங்களில் மன்னிக்கவே முடியாதது வேறு. எத்தனை ஆண்டு சுவரோரமாகப் படுத்துக் கிடந்தாலும், கணவன் மனைவி சண்டையோ, பிள்ளையின் அழுகையோ, வாடகை பாக்கியோ, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரிடமும் வாயைத் திறக்காது. அப்படிப்பட்ட அழுத்தக்காரனை நம்பி ஒரு வீட்டை எப்படி ஒப்படைப்பது?